சூரைக்கு வரம்பு உண்டு, பங்கு இல்லை: இந்தியப் பெருங்கடலில் மீன்வள நிர்வாகம் எங்கே சிக்கிக்கொள்கிறது?

2018 முதல் 2020 வரை இந்தியப் பெருங்கடல் முழுவதிலும் ஆண்டுக்கு 4,70,029 டன் வரிச்சூரைதான் (சூரை என்ற டூனா மீனின் ஒரு வகை) பிடிக்கலாம் என்று ஓர் உச்சவரம்பு இருந்தது. பேரம் பேசி வந்த எண் இல்லை அது. 2016இல் நாடுகள் கூடி ஒப்புக்கொண்ட சூத்திரம் கணக்கிட்டுத் தந்த எண். முதல் ஆண்டிலேயே பிடிப்பு 6 லட்சம் டன்னைத் தாண்டியது. வரம்பைவிட ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதல். ஆனாலும் எந்த நாட்டின் மீதும் நடவடிக்கை எடுக்க வழியில்லை, ஏனென்றால் எந்த நாடும் எந்த விதியையும் மீறவில்லை. மொத்தத்துக்கு வரம்பு இருந்தது. ஸ்பெயினுக்கு எவ்வளவு, இந்தோனேசியாவுக்கு எவ்வளவு, மாலத்தீவுக்கு எவ்வளவு என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

உலகின் மீன்வளம் குறைவதைப் பற்றிய பேச்சில் திருட்டுக் கப்பல்களும் கண்காணிப்பின் ஓட்டைகளும்தான் முதலில் அடிபடும். அவையெல்லாம் உண்மைதான். கண்காணிப்பில் இருக்கும் கடல்மீன் கூட்டங்களில் 2021 நிலவரப்படி 37.7 சதவீதம் அளவுக்கு மிஞ்சிப் பிடிக்கப்பட்டவை என்கிறது ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு. இந்தச் சரிவில் பெரும்பகுதி சட்டப்படி உரிமம் பெற்ற படகுகள் பட்டப்பகலில் பிடித்ததால் வந்தது. சூரை விஷயத்தில் அது ஏன் நடக்கிறது என்பதை இந்தியப் பெருங்கடல் அளவுக்குத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை.

கடலில் எல்லை உண்டு, மீனுக்கு இல்லை

1982இல் உருவாகி 1994இல் நடைமுறைக்கு வந்த ஐ.நா. கடல் சட்டம், கரையிலிருந்து 200 கடல் மைல் (சுமார் 370 கி.மீ.) வரையிலான மீன்வளத்தைக் கரையோர நாட்டின் பொறுப்பில் விட்டது. அதற்கு அப்பால் சர்வதேசக் கடல், எல்லாக் கொடிகளுக்கும் பொது. ஒரே இடத்தில் வாழும் மீனுக்கு இந்த ஏற்பாடு போதும். சூரை ஆண்டு முழுவதும் ஓடுகிற மீன். இந்த மாதம் சேஷெல்ஸ் மண்டலம், அடுத்து சோமாலியா, பிறகு சர்வதேசக் கடல், அதன் பின் மாலத்தீவு என்று போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் சட்டத்தின் 64ஆம் பிரிவு, இத்தகைய மீன்களுக்குக் கரையோர நாடுகளும் தொலைவிலிருந்து வந்து பிடிக்கும் நாடுகளும் ஒத்துழைக்க வேண்டும் என்றது. ஒத்துழைப்பு எப்படி என்று அது சொல்லவில்லை. 1995இல் வந்த ஐ.நா. மீன்கூட்ட ஒப்பந்தம் அந்தப் பொறுப்பை வட்டார அமைப்புகளிடம் ஒப்படைத்தது.

இந்தியப் பெருங்கடலுக்கு அந்த அமைப்பு ஐஓடிசி என்ற இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம். அதன் ஒப்பந்தம் 1996இல் நடைமுறைக்கு வந்தது. தலைமையகம் சேஷெல்ஸின் விக்டோரியா நகரில். உறுப்பினர்கள் சுமார் 30. இந்தியாவும் இலங்கையும் உண்டு, ஜப்பானும் ஐரோப்பிய ஒன்றியமும் உண்டு. அதன் பொறுப்பில் சூரையும் அதன் உறவு மீன்களுமாக 16 இனங்கள்.

விதிகள் உருவாகும் விதம்தான் கவனிக்க வேண்டியது. பெரும்பாலும் ஒருமித்த கருத்துக்காகக் காத்திருப்பார்கள். அது கைகூடாதபோது, வாக்களிக்கும் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரித்தால் தீர்மானம் நிறைவேறும், எல்லோரையும் கட்டுப்படுத்தும். ஆனால் 120 நாளுக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கும் நாட்டை அந்தத் தீர்மானம் கட்டுப்படுத்தாது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆட்சேபித்தால், மிச்சமுள்ள உறுப்பினர்களையும் அது கட்டுப்படுத்தாது. சபையில் தோற்றவர் வீட்டுக்குப் போய்க் கடிதம் எழுதி வெல்லலாம் என்பது சட்டத்தின் ஓட்டை இல்லை, சட்டமே அப்படித்தான். இறையாண்மையுள்ள நாடுகளைக் கட்டாயப்படுத்தி உள்ளே கொண்டுவர முடியாது. வெளியேறும் கதவு திறந்திருந்ததால்தான் பலரும் உள்ளே வந்தார்கள்.

இன்னொரு விநோதம். இந்தக் கடலில் மிகப் பெரிய தூண்டில் கப்பல் படைகளில் ஒன்று தைவானுடையது. ஐஓடிசி, உணவு வேளாண் அமைப்பின் கீழ் அமைந்தது. ஐ.நா. கட்டமைப்பில் தைவானுக்கு இடமில்லை என்பதால் அது உறுப்பினராக முடியாது. அதன் ஆட்கள் 'அழைக்கப்பட்ட வல்லுநர்கள்' என்ற பெயரில் வந்து உட்காருகிறார்கள். மற்ற பெருங்கடல்களின் சூரை அமைப்புகள் இதற்கு வேறு பெயரில் ஏதோ ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டன. இங்கே அதுகூட முடியவில்லை.

நான்கு தொழில், நான்கு நியாயம்

1980களின் தொடக்கத்தில் பிரெஞ்சு, ஸ்பானியச் சுருக்குமடிக் கப்பல்கள் சேஷெல்ஸுக்கு வந்தன. சுருக்குமடி என்றதும் நம் கரையில் நினைவுக்கு வருவது மத்தி, கானாங்கெளுத்தி பிடிக்கும் வலை. தமிழ்நாடு 2000இல் தடைசெய்ததும், 12 கடல் மைலுக்கு அப்பால் வாரம் 2 நாள் மட்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால அனுமதி தந்ததும் அந்த வலைதான். இது வேறு அளவு. வலையின் நீளம் ஒன்றரை, இரண்டு கி.மீ. வரும், ஆழம் 200 மீட்டருக்கு மேல். கப்பலின் உறைபதனக் கிடங்கு 1,000 டன்னுக்கு மேல் கொள்ளும். மீன் போவது டின் தொழிற்சாலைக்கு.

இந்தக் கப்பல்கள் மீன் கூட்டத்தைத் தேடி அலைவது குறைந்துவிட்டது. மிதவைகளை விட்டுவைக்கிறார்கள். மேலே சிறு தெப்பம், கீழே பல மீட்டர் தொங்கும் கயிறு அல்லது துணி, தெப்பத்தோடு சூரிய மின்சாரத்தில் இயங்கும் செயற்கைக்கோள் கருவி. அதிலுள்ள எதிரொலிமானி, அடியில் எவ்வளவு மீன் கூடியிருக்கிறது என்று கப்பலுக்குச் செய்தி அனுப்பும். நிழலைத் தேடிக் கூடும் வரிச்சூரையோடு மஞ்சள் துடுப்புச் சூரையின் குஞ்சுகளும் (கன்னியாகுமரிக் கரையில் கேரை என்பார்கள்), பெருங்கண் சூரைக் குஞ்சுகளும் சேர்ந்தே நிற்கும். வரிச்சூரை ஓரிரு ஆண்டில் முட்டையிடத் தொடங்கிவிடும். கேரை முட்டையிட ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் வளர வேண்டும். மிதவையடியில் அகப்படும் கேரையில் பெரும்பாலானவை அதில் பாதி நீளம்தான் இருக்கும். வலை இனம் பிரித்து அள்ளாது.

கிழக்காசியக் கப்பல்கள் ஆயிரங்கால் தூண்டில் போடுகின்றன. 100 கி.மீ.க்கும் நீண்ட தாய்க்கயிற்றில் சுமார் 3,000 தூண்டில் முள். வளர்ந்த கேரையும் பெருங்கண் சூரையும்தான் இலக்கு. மைனஸ் 60 டிகிரியில் உறைந்து ஜப்பானின் பச்சை மீன் சந்தைக்குப் போகும். மாலத்தீவில் கழியும் தூண்டிலும்தான். ஒவ்வொன்றாகத் தூக்கிப் போடும் தொழில். இலங்கைச் சமையலறையில் மாசி என்று இடிபடுவது அப்படிப் பிடித்த வரிச்சூரைதான். ஈரானும் பாகிஸ்தானும் பெரும்பாலும் வழிவலை (கடலில் மிதக்கவிடும் செவுள்வலை) விடுகின்றன. இலங்கைப் பலநாள் படகுகள் வலையும் தூண்டிலும் கலந்து கொண்டுபோகும்.

மற்றப் பெருங்கடல்களில் சூரையைப் பெரும்பாலும் பெரிய கப்பல்களே பிடிக்கின்றன. இங்கே ஏறக்குறைய பாதி, கரையோர நாடுகளின் சிறிய, நடுத்தரப் படகுகளில் வருகிறது. ஆகவே 'பணக்கார நாட்டுக் கப்பல் எதிர் ஏழை மீனவர்' என்ற எளிய சித்திரம் பாதிதான் சரி. மிதவையைக் குறை சொல்பவர்கள் பக்கமும் வழிவலை இருக்கிறது. அதில் ஓங்கில் (டால்பின்), ஆமை, சுறா மாட்டுவதை யாரும் எண்ணுவதுகூட இல்லை. 2.5 கி.மீ.க்கு மேல் நீண்ட வழிவலையைச் சர்வதேசக் கடலில் ஐ.நா. பொதுச்சபை 1992 இறுதியோடு நிறுத்தச் சொன்னது. ஐஓடிசி அந்தத் தடையை 2022 முதல் தன் பரப்பு முழுவதற்கும், நாடுகளின் சொந்த மண்டலங்களுக்கும் சேர்த்து விரித்தது. பாகிஸ்தான் ஆட்சேபித்தது. அதோடு அந்த விதி அதைக் கட்டுப்படுத்தாமல் போனது.

கேரையைக் காப்பாற்றப் போட்ட கணக்கு

2015இல் ஐஓடிசியின் அறிவியல் குழு, கேரை அளவுக்கு மிஞ்சிப் பிடிக்கப்பட்டுவிட்டது என்று சொன்னது. 2016இல் மீட்புத் திட்டம் வந்தது. 2014ஆம் ஆண்டின் பிடிப்பை அடிப்படையாக வைத்துச் சுருக்குமடி 15 சதவீதம், ஆயிரங்கால் தூண்டில் 10, செவுள்வலை 10, மற்றத் தொழில்கள் 5 சதவீதம் குறைக்க வேண்டும்.

காகிதத்தில் நல்ல திட்டம். அதன் பொத்தல் உள்வாசலில் இருந்தது. 2014இல் குறிப்பிட்ட அளவுக்கு மேல் பிடித்தவர்கள் மட்டுமே குறைக்க வேண்டும். செவுள்வலைக்கு அந்த அளவு 2,000 டன், மற்றவற்றுக்கு 5,000 டன். 4,900 டன் பிடித்த நாடு 8,000 டன்னுக்கு உயர்ந்தாலும் விதிமீறல் இல்லை. வளரும் நாடுகள் வளர இடம் வேண்டும் என்ற நியாயமான கோரிக்கையிலிருந்து வந்த விலக்கு அது. ஆனால் ஒரு பக்கம் குறைத்ததை மறுபக்கம் வளர்ச்சி விழுங்கியது. 2018இல் கேரையின் மொத்தப் பிடிப்பு 2014ஐவிடச் சுமார் 9 சதவீதம் கூடியிருந்தது. குறைப்புத் திட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கூடியது.

பிறகு திருத்தங்கள் வந்தன: 2017, 2018, 2019, 2021. 2021 தீர்மானத்தை இந்தியா, இந்தோனேசியா, ஈரான், ஓமன் உள்ளிட்ட ஆறு நாடுகள் ஆட்சேபித்தன. இந்தியா 2019 தீர்மானத்தையும் ஏற்கவில்லை. ஆக ஒரே மீனுக்கு ஒரே கடலில் மூன்று சட்டம். இந்தியாவை 2018இன் விதி கட்டியது, இந்தோனேசியா, ஈரான் போன்றவற்றை 2019இன் விதி கட்டியது, ஏனையோரை 2021இன் விதி கட்டியது. ஒவ்வொருவரும் தமக்குப் பொருந்தும் விதியைக் கடைப்பிடித்தாலும் மொத்தம் அறிவியல் குழு சொன்ன எண்ணுக்கு வந்திருக்காது.

இந்தியாவின் வாதம் தெரிந்ததே. இந்த மீனைக் கரைத்தவை தொலைதூரக் கப்பல்கள், சுமையை மட்டும் எங்கள் மீனவர் ஏன் சுமக்க வேண்டும் என்பது. வாதத்தில் பாதி நியாயம் உண்டு. ஆனால் ஒவ்வொரு நாடும் தன் பாதி நியாயத்தோடு விலகி நின்றால் குறைப்பதற்கு ஆளே இருக்காது.

மொம்பாசாவில் வென்றதும் பிறகு தோற்றதும்

2023 பிப்ரவரியில் கென்யாவின் மொம்பாசாவில் சிறப்புக் கூட்டம் நடந்தது. இந்தோனேசியா முன்னின்று பல கரையோர நாடுகள் சேர்ந்து ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தன. ஆண்டில் 72 நாள் மிதவையடியில் வலை போடக் கூடாது, மிதவைகளின் எண்ணிக்கையையும் குறைக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் எதிர்த்தது. வாக்கெடுப்பில் தீர்மானம் வென்றது. ஐஓடிசி வரலாற்றில் ஐரோப்பியத் தரப்பு இப்படித் தோற்பது அபூர்வம்.

ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் ஆட்சேபம் கொடுத்தது. 72 நாள் என்ற எண்ணுக்கு அறிவியல் குழுவின் பரிந்துரை இல்லை என்பது அதன் வாதம். சேஷெல்ஸும் வேறு சிலரும் பின்தொடர்ந்தார்கள். ஆட்சேபங்கள் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டின. தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாத காகிதமானது.

கரையோர நாடான சேஷெல்ஸ் ஏன் அந்தப் பக்கம் போனது? அதன் கடலில் பிடிக்க ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் 6 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. கட்டணக் கணக்குக்கு வைத்த அடையாள அளவு ஆண்டுக்கு 50,000 டன். அதன்படி ஒன்றியம் ஆண்டுக்கு 53 லட்சம் யூரோ தந்தது, கப்பல் உரிமையாளர்கள் தனியாக உரிமக் கட்டணம் தந்தார்கள். விக்டோரியா துறைமுகத்தில் தாய்லாந்தின் தாய் யூனியன் நிறுவனமும் சேஷெல்ஸ் அரசும் கூட்டாக நடத்தும் டின் தொழிற்சாலை நாட்டின் மிகப் பெரிய வேலை வழங்குநர்களில் ஒன்று. சேஷெல்ஸ் கொடி பறக்கும் சுருக்குமடிக் கப்பல்களில் பெரும்பாலானவை ஐரோப்பியரின் உடைமை. சுமார் 1 லட்சம் மக்கள் வாழும் நாடு அது. மிதவையை 72 நாள் நிறுத்தினால் துறைமுகமும் தொழிற்சாலையும் சேர்ந்து நிற்கும். அந்த இடத்தில் யார் உட்கார்ந்தாலும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருப்பார்கள். கரையோர நாடுகள் ஒரு கட்சியாக நிற்கும் என்ற நம்பிக்கை அடிக்கடி உடைவது இந்த இடத்தில்தான்.

2024இல் பாங்காக் கூட்டம் நடுவழி கண்டது. ஒரு கப்பல் ஒரே நேரத்தில் இயக்கக்கூடிய மிதவைகள் 300இலிருந்து 2026இல் 250 ஆகவும், 2028இல் 225 ஆகவும் குறையும். மிதவைகளுக்குப் பதிவேடும் வரும். பத்தாண்டுக்கு முன் இந்த வரம்பு 550. மெதுவாகத்தான், ஆனால் குறைகிறது. கப்பல்களின் எண்ணிக்கையும் கருவியின் கூர்மையும் கூடினால் இந்தக் குறைப்பு எவ்வளவு மிஞ்சும் என்பது வேறு கேள்வி.

எண்ணாத மீன்

எந்த வரம்பும் கணக்கின் மேல்தான் நிற்கிறது. ஐஓடிசி விதிப்படி ஒவ்வொரு நாடும் ஆண்டுதோறும் ஜூன் 30க்குள் முந்தைய ஆண்டின் பிடிப்பை இனவாரியாக, வலைவாரியாகத் தர வேண்டும். சுருக்குமடி எங்கே பிடித்தது என்பதை 1 டிகிரிக் கட்டத்தில், மாதவாரியாக. ஆயிரங்கால் தூண்டிலுக்கு 5 டிகிரிக் கட்டம் போதும். பிடித்த ஒவ்வொரு டன்னுக்கும் குறைந்தது ஒரு மீனை அளந்து நீளம் எழுத வேண்டும். பெரிய கப்பல்களின் தொழில் நடவடிக்கைகளில் 5 சதவீதத்தையாவது பார்வையாளர் நேரில் இருந்து பதிவு செய்ய வேண்டும்.

நடைமுறையில் தவறுகிற இடங்கள் பல. ஆயிரக்கணக்கான படகுகள் நூற்றுக்கணக்கான கரைகளில் இறக்கும் நாடுகளில், மாதிரி எடுத்துப் பெருக்கித்தான் மொத்தம் வருகிறது. சில நாடுகள் எதுவும் அனுப்பாதபோது ஐஓடிசி செயலகமே மதிப்பிட்டு நிரப்புகிறது. சுருக்குமடிக் கப்பலின் கிடங்கில் உறைந்து கிடக்கும் சிறு கேரையும் சிறு பெருங்கண் சூரையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். துறைமுகத்தில் மாதிரி எடுத்துத்தான் கலவை விகிதம் கணக்கிடப்படுகிறது. அந்த விகிதம் சற்று நகர்ந்தால், ஒரு மீன்கூடக் குறைவாகப் பிடிக்காமலே கேரையின் கணக்கு குறைந்துவிடும். வரம்பு கேரைக்கு இருக்கும்போது அந்தச் சிறு நகர்வுக்கு விலை உண்டு.

இன்னும் ஆழமான சிக்கல், கடலில் மிச்சம் எவ்வளவு என்பது. அதை யாரும் எண்ண முடியாது. தூண்டில் கப்பல்கள் இத்தனை முள்ளுக்கு இத்தனை மீன் பிடித்தன என்ற பல்லாண்டு விகிதத்திலிருந்து ஊகிக்கிறார்கள். சோமாலியக் கடற்கொள்ளை உச்சத்தில் இருந்த ஆண்டுகளில், 2008 முதல் 2011 வரை, அந்தக் கப்பல்கள் மேற்குப் பகுதியை விட்டே ஓடின. செழிப்பான இடத்திலிருந்து வர வேண்டிய தகவல் அறுந்தது. அந்த இடைவெளியை எப்படி நிரப்புவது என்பதே ஆய்வுக் கூட்டங்களில் பெரிய விவாதமானது.

2024இல் புதிய மதிப்பீடு வந்தது. திருத்திய தூண்டில் விகிதத்தையும் மாற்றிய மாதிரியையும் வைத்துப் பார்த்தபோது, கேரை அளவுக்கு மிஞ்சிப் பிடிக்கப்பட்ட நிலையில் இல்லை என்றது. பத்தாண்டு சிவப்பில் இருந்த மீன் ஒரே கூட்டத்தில் பச்சைக்கு வந்தது. மீட்புத் திட்டத்தால் வந்த மாற்றமாக இதைக் கொண்டாட முடியாது, மொத்தப் பிடிப்பு சொல்லும்படி குறையவில்லை. மாறியது பெரும்பாலும் நம் கணக்கு. 'அப்போதே சொன்னோம், நெருக்கடியே இல்லை' என்று ஆட்சேபித்த நாடுகள் சொல்வதற்கும் இதில் ஆதாரம் இல்லை. முந்தைய மதிப்பீடு தவறிய அளவுக்கு இதுவும் தவறலாம். விஞ்ஞானிகள் இதை நிச்சயமின்மை என்று எழுதிவைக்கிறார்கள், பேரம் பேசுபவர்கள் ஆயுதமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

பங்குக் குழுவின் நீண்ட பயணம்

தொடக்கத்தில் சொன்ன வரிச்சூரைச் சூத்திரத்துக்கு வருவோம். 2016இல் எழுதியபடி, மீன்பிடியே இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய தாய்மீன் இருப்பில் 40 சதவீதம் இருந்தால் வழக்கமான பிடிப்பு. அதற்குக் கீழே போகப் போகப் பிடிப்பு விகிதம் படிப்படியாகக் குறையும். 10 சதவீதத்துக்குக் கீழே போனால் வயிற்றுப்பாட்டுக்குப் பிடிப்பதைத் தவிர மற்றதெல்லாம் நிற்கும். வரம்பு ஒரு தடவையில் 30 சதவீதத்துக்கு மேல் மாறாது, எப்போதும் 9 லட்சம் டன்னைத் தாண்டாது. மூன்றாண்டுக்கு ஒருமுறை புதிய எண். 2024 முதல் 2026 வரை அது 6,28,606 டன். கூட்டத்தில் பேரம் பேசாமல் எண்ணை முடிவு செய்யும் இந்த முறை உலகத் தரமானது. மாலத்தீவு பல ஆண்டு போராடிக் கொண்டுவந்தது. ஆனால் 2021 முதல் 2023 வரையிலான வரம்பும் மீறப்பட்டது, அதே காரணத்தால்.

பங்கு பிரிக்கும் அளவுகோலைப் பேசத் தனிக் குழு 2011இல் முதல்முறை கூடியது. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. ஒரே ஒரு கேள்வி அதை முடக்கி வைத்திருக்கிறது: ஒரு நாட்டின் 200 மைலுக்குள் வெளிநாட்டுக் கப்பல் பிடித்த மீன், வரலாற்றுக் கணக்கில் யாருடையது?

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு தீவு நாட்டின் மண்டலத்தில் ஐரோப்பியக் கப்பல்கள் ஆண்டுக்கு 40,000 டன், உள்ளூர்ப் படகுகள் 5,000 டன் பிடித்து வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கொடியைப் பார்த்துப் பிரித்தால் தீவுக்கு 5,000 டன். கடலைப் பார்த்துப் பிரித்தால் 45,000 டன். கரையோர நாடுகள் இரண்டாவதைக் கேட்கின்றன. உரிமம் கொடுத்துப் பிடிக்க விட்டோமே தவிர உரிமையை விற்கவில்லை என்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் முதலாவதில் நிற்கிறது. கப்பல், எண்ணெய், முதலீடு எல்லாம் எங்களுடையவை என்கிறது. இடைவழியாக முன்வைக்கப்படுவது, பங்கு சில ஆண்டுகளில் படிப்படியாகக் கரையோர நாட்டுக்கு மாறுவது. எத்தனை ஆண்டு, எத்தனை சதவீதம் என்பதில் மறுபடி நிற்கிறது.

பசிபிக்கில் முடிந்தது ஏன் இங்கே முடியவில்லை?

மேற்கு பசிபிக்கில் பப்புவா நியூகினி, கிரிபாட்டி, நவ்ரு உள்ளிட்ட 8 நாடுகள் நவ்ரு ஒப்பந்தத்தில் சேர்ந்தவை. 2007 முதல் அவை டன் கணக்கை விட்டு நாள் கணக்குக்கு மாறின. எல்லா மண்டலங்களுக்கும் சேர்த்து ஆண்டுக்கு இத்தனை கப்பல்-நாள் என்று முடிவு செய்து, தங்களுக்குள் பிரித்து, வெளிநாட்டுச் சுருக்குமடிக் கப்பல்களுக்கு விற்கின்றன. அடிமட்ட விலை ஒரு நாளுக்கு 8,000 டாலர். 2010இல் ஆண்டுக்குச் சுமார் 6 கோடி டாலராக இருந்த வருமானம் பிறகு 50 கோடியை நெருங்கியது. சுருக்குமடிக் கப்பல் ஒவ்வொன்றிலும் பார்வையாளர் ஏறுகிறார்.

அங்கே கைகூடியதற்கு மூன்று காரணங்கள் தெரிகின்றன. 8 மண்டலங்களும் பெரும்பாலும் ஒட்டிக் கிடக்கின்றன, சுருக்குமடி பிடிக்கும் சூரையில் பெரும்பகுதி அவற்றுக்குள்ளேயே அகப்படுகிறது. அந்த நாடுகளுக்குச் சொந்தக் கப்பல் படை அப்போது அதிகம் இல்லை, எனவே எல்லோரும் விற்பவர்கள், போட்டியாளர்கள் இல்லை. மண்டலங்களுக்கு இடையே கிடக்கும் சர்வதேசக் கடலில் பிடிப்பவருக்கு எங்கள் மண்டலத்தில் உரிமம் கிடையாது என்று சொல்லும் தைரியம் அவற்றுக்கு இருந்தது. அந்த ஏற்பாடும் ஓட்டையற்றது இல்லை. நாளைத்தான் விற்கிறார்கள் என்பதால் கப்பல்கள் பெரிதாகி, கருவிகள் கூர்மையாகி, ஒரு நாளில் அள்ளும் அளவு கூடிக்கொண்டே போகிறது. எது 'மீன்பிடிக்காத நாள்' என்பதிலும் ஓயாத வழக்கு.

இந்தியப் பெருங்கடலில் கரையோர நாடுகளில் சில விற்பவை, சில பிடிப்பவை, சில இரண்டும். சேஷெல்ஸுக்கும் ஈரானுக்கும் மாலத்தீவுக்கும் பொதுவான விலைப்பட்டியல் ஒன்றை நினைத்துப் பார்ப்பதே கடினம்.

சந்தையும் துறைமுகமும்

கடலில் செய்ய முடியாததைக் கரையில் செய்யலாம் என்பது இன்னொரு வழி. 2010இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியச் சட்டப்படி, திருட்டு மீன்பிடியைத் தடுக்காத நாட்டுக்கு முதலில் மஞ்சள் அட்டை, திருந்தாவிட்டால் சிவப்பு. இலங்கைக்கு 2012இல் மஞ்சள், 2014 அக்டோபரில் தடை அறிவிப்பு, 2015 ஜனவரியில் இறக்குமதித் தடை. காரணம் நுட்பமானது. பலநாள் படகுகள் சர்வதேசக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தன, அங்கே அவற்றைக் கட்டுப்படுத்தப் போதிய சட்டமோ, உறைக்கும் தண்டனையோ, இருப்பிடம் காட்டும் கருவியோ இல்லை. இலங்கை சட்டத்தைத் திருத்தித் தண்டத்தை உயர்த்தியது, சுமார் 1,500 படகுகளில் செயற்கைக்கோள் கருவி பொருத்தியது. 2016 ஜூனில் தடை நீங்கியது. பல ஆண்டுக் கூட்டங்கள் சாதிக்காததை ஒரு சந்தையின் கதவடைப்பு ஒன்றரை ஆண்டில் சாதித்தது.

இதில் உறுத்தல் ஒன்றும் உண்டு. அட்டை காட்டும் ஐரோப்பிய ஒன்றியமே இந்தக் கடலில் மிகப் பெரிய சுருக்குமடிப் படைக்கும் சொந்தக்காரர், மொம்பாசா தீர்மானத்தை ஆட்சேபித்தவரும் அவரே. அதற்கு யார் அட்டை காட்டுவது?

மானியம் பற்றிச் சுருக்கமாக. மீன்பிடித் திறனைக் கூட்டும் மானியங்கள் 2018இல் உலகளவில் சுமார் 2,220 கோடி டாலர் என்பது நன்கறியப்பட்ட ஒரு மதிப்பீடு. உலக வர்த்தக அமைப்பின் மீன்வள மானிய ஒப்பந்தம் 2022 ஜூனில் ஏற்கப்பட்டு 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. திருட்டு மீன்பிடிக்கும், மிஞ்சிப் பிடிக்கப்பட்ட மீனைப் பிடிக்கவும் மானியம் கூடாது என்கிறது. கேரையின் நிறம் 2024இல் மாறியது இங்கே எப்படிப் பொருந்துகிறது பாருங்கள்: சிவப்பென்றால் மானியக் கேள்வி எழும், பச்சையென்றால் எழாது. திறனைக் கூட்டும் மானியம் பற்றிய இரண்டாம் பகுதி இன்னும் பேச்சில்தான் இருக்கிறது. வளரும் நாடுகளுக்கு 25 ஆண்டு அவகாசம் வேண்டும் என்கிறது இந்தியா.

தூத்தூர்ப் படகுகளும் எழுதாத பதிவேடும்

இந்தக் கணக்கு முழுவதும் நம் கரையைத் தொடும் இடம் கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர் வட்டாரம். கேரையும் சுறாவும் தேடி வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடக்கும் படகுகள் அங்குள்ளவர்களுடையவை. பல படகுகள் மீனை இறக்குவது கொச்சியில். பிரிட்டன் 2010இல் மீன்பிடிக்குத் தடைசெய்த சாகோஸ் தீவுக்கூட்டக் கடலுக்குள் போய்ப் பிடிபட்டவையும் உண்டு.

நீண்ட காலம் இவை சட்டங்களின் இடைவெளியில் ஓடின. 12 கடல் மைல் வரை மாநிலச் சட்டம். தமிழ்நாட்டுக்கு 1983ஆம் ஆண்டுச் சட்டம். 12க்கும் 200க்கும் இடையே வெளிநாட்டுக் கப்பல்களுக்கு 1981ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் இருந்தது. இந்தியப் படகுக்கு அங்கே என்ன விதி என்று கேட்டால் தெளிவான பதில் இல்லை. 2025 நவம்பரில்தான் மத்திய அரசு அதற்கான விதிகளை அறிவித்தது. இயந்திரப் படகுகள் இணையவழி அனுமதி பெற வேண்டும், பாரம்பரியப் படகுகளுக்கு விலக்கு. 200 மைலைத் தாண்டினால் ஐஓடிசி விதி தனியாக வரும். 24 மீட்டருக்குக் குறைந்த படகானாலும் சொந்த மண்டலத்துக்கு வெளியே பிடிப்பதாயின் அதன் பெயர் ஐஓடிசி பதிவேட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதன் பிடிப்பு திருட்டுப் பிடிப்பு என்றே எண்ணப்படும்.

பங்குக் குழு என்று முடிவுக்கு வந்தாலும், கொடியைப் பார்த்தோ கடலைப் பார்த்தோ பிரித்தாலும், ஒவ்வொரு நாட்டிடமும் கேட்கப்போவது பிடிப்பின் வரலாறு. எந்தத் தேதி, எந்த அட்சரேகை தீர்க்கரேகை, எத்தனை தூண்டில் அல்லது எத்தனை மீட்டர் வலை, எந்த இனம், எத்தனை கிலோ. கேரை, பெருங்கண் சூரை, வரிச்சூரை மூன்றையும் 'சூரை' என்று ஒரே வரியில் எழுதிய பதிவேடு அந்த மேசையில் செல்லாது. பதிவேடே எழுதாத படகின் பிடிப்பு, எவ்வளவு பெரிதானாலும், பங்கு பிரிக்கும் நாளில் யாருடைய கணக்கிலும் ஏறாது.